எட்டு மணி நேரச் சிரிப்பு

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்த நாளிலிருந்து 1969-ஆம் ஆண்டு மார்ச் மாதம் வரை, உள்நோக்கம் எதுவும் இல்லாமல் யாரும் தொடர்ந்து எட்டு மணி நேரம் சிரித்ததில்லை. இதை ஐயத்துக்கு இடமின்றி நிறுவியவன் நான். எனக்கு முன்னால் வந்த தத்துவ அறிஞர்கள் இந்தத் துறையை ஏனோ தொடாமலே விட்டுவிட்டார்கள். அவர்களில் யாரையும் வியட்நாமின் ப்ளேக்கு முகாமுக்கு அனுப்பி வைக்காதது காரணமாக இருக்கலாம்.

என் தகுதிகளையும் சொல்லிவிடுகிறேன். ஓஹையோவில் ஒரு சின்னக் கல்லூரியில் இரண்டரை வருடம் தத்துவம் படித்தேன். அங்கே மாணவர் நையாண்டிப் பத்திரிகைக்கு ஆசிரியராக இருந்தேன். எங்கள் முதல்வர் இறந்து மூன்று வருடம் ஆகிறது, அலுவலகத்தில் இன்னும் யாரும் கவனிக்கவில்லை என்று ஒரு கட்டுரை எழுதினேன். துரதிருஷ்டவசமாக அதை முதல்வரே படித்தார். அடுத்த மாதம் நான் மாணவன் இல்லை. அதற்கடுத்த மாதம் ராணுவ வீரன். ராணுவம் என்னைக் குனிய வைத்து நிமிர வைத்துப் பரிசோதித்துவிட்டு, எனக்கு டைப் அடிக்கத் தெரியும் என்று கண்டுபிடித்தது. வியட்நாமில் ஒரு கம்பெனியின், அதாவது நூற்றுச்சொச்சம் பேர் கொண்ட படைப்பிரிவின், அலுவலகத்தில் குமாஸ்தாவாக உட்கார வைத்தது.

மேஜை, நாற்காலி, மின்விசிறி. ஜன்னல் வழியே பார்த்தால் தூரத்தில் குன்றுகள். அந்தக் குன்றுகளின் உச்சியில் என் வயதுக்காரர்கள் செம்மண்ணைத் தோண்டி, மணல் மூட்டை அடுக்கி, குழிக்குள் குடியிருந்தார்கள். என் நாற்காலிக்கும் அவர்கள் குழிக்கும் இடையே ஹெலிகாப்டரில் இருபது நிமிடம். அந்த இருபது நிமிடத்தைக் கடக்காமல் இன்னும் ஏழு மாதத்தை ஓட்டிவிட வேண்டும் என்பதே என் ஒரே லட்சியம். நாட்டுப்பற்று, ஜனநாயகம் ஆகியவை அதற்குப் பிறகு வந்தன.

இப்போது அந்த எட்டு மணி நேரமும் சிரிக்கும் பெண்களுக்கு வருகிறேன்.

எங்கள் முகாமில் இரண்டு பேர் இருந்தார்கள். வெளிர்நீலச் சீருடை, கான்வாஸ் காலணி, தலையில் அழுத்தி வாரிய முடி. கல்லூரி முடித்துவிட்டுத் வீரர்களை உற்சாகப்படுத்தும் வேலைக்குத் தாங்களாகவே ஒரு வருடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தவர்கள். டோனட் பெண்கள் என்று எல்லோரும் கூப்பிட்டோம். முந்தைய போர்களில் இவர்களுடைய அக்காமார்கள் வீரர்களுக்கு டோனட் என்ற இனிப்பு வடை சுட்டுக் கொடுத்தார்களாம். எங்கள் போருக்குப் பெயர் மட்டும்தான் வந்து சேர்ந்தது. காலையில் ஹெலிகாப்டரில் ஏறிக் குன்று குன்றாகப் போவார்கள். அட்டையில் தாங்களே வரைந்த விளையாட்டுகளை வீரர்களுக்கு நடத்துவார்கள். சாயங்காலம் திரும்பி வந்து முகாமில் தங்கள் குடிலைத் திறந்து காப்பி ஊற்றுவார்கள். இவ்வளவுக்கும் நடுவே ஒரு கணம்கூடச் சிரிப்பு அணையாது. குழாயடியில் தண்ணீர் நின்றுபோனாலும் சிரிப்பார்கள். வெளியே பீரங்கி வெடித்தாலும் சிரிப்பார்கள்.

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது.

என் கூடாரத் தோழன் ஓடெல், அர்கன்சாஸ்காரன், தபால் பிரிப்பவன். உலகத்தில் எல்லாவற்றையும் பார்த்தபடியே ஏற்றுக்கொள்ளும் ஆபத்தான பழக்கம் அவனுக்கு உண்டு. அவனிடம் என் ஆய்வை விளக்கினேன்.

"சும்மா நல்ல பொண்ணுங்களா இருக்கலாம்ல, வாத்தியாரே?" என்றான்.

"அந்தச் சாத்தியத்தை ஆரம்பத்திலேயே தள்ளிட்டேன்."

"ஏன்?"

"சான்று இல்ல."

நான் ரகசியமாக ஒரு பத்திரிகை நடத்திக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்ல வேண்டும். பெயர் 'செம்மண்'. ஒரே தாள், இரு பக்கம், ஆசிரியர் பெயர் கிடையாது. திங்களும் வியாழனும் முகாமின் கழிப்பறைகளில் ஆணியில் மாட்டப்படும். நிதானமாகப் படிக்கும் வாசகர்கள் அங்கேதான் கிடைப்பார்கள். கேப்டன் பிளெட்சோதான் எங்கள் கம்பெனித் தலைவர், என் நாற்காலியின் உரிமையாளர். அவரைப் பற்றி ஒரு இதழில் இப்படி எழுதினேன்: 'கேப்டன் சென்ற வாரம் எதிரியை நேருக்கு நேர் சந்தித்தார். எதிரி ஒரு கொசு. மூன்று மணி நேரக் கடும் போருக்குப் பின் இரு தரப்பும் பின்வாங்கின.' இதை எழுதியவன் யார் என்று தெரிந்தால் கேப்டன் என்னைக் குன்றுக்கு அனுப்புவார். அதில் சந்தேகமில்லை. ஆகவே கவனமாக இருந்தேன்.

கம்பெனி அலுவலகத்தில் இருந்த நகல் இயந்திரத்தில் மை கறுப்பு. அதில் அடித்தால் உடனே மாட்டிக்கொள்வேன். ஆனால் டோனட் பெண்களின் குடிலில், வினாத்தாள் அடிப்பதற்காக, கைப்பிடி சுற்றும் சிறிய இயந்திரம் ஒன்று இருந்தது. ஊதா நிறத்தில் நகல் எடுக்கும். முகாமிலேயே ஊதா அது ஒன்றுதான். குடில் சாவி என் மேஜைக்கு மேலே ஆணியில் தொங்கியது. பெண்கள் குன்றுகளில் சிரித்துக்கொண்டிருக்கும் பகல் நேரத்தில் நான் உள்ளே போய் நாற்பது பிரதி சுற்றிவிட்டு வருவேன்.

அந்த இயந்திரத்திலேயே அவர்களைப் பற்றியும் எழுதினேன். 'எட்டு மணி நேரச் சிரிப்பு: ஓர் ஆய்வு' என்று தலைப்பு. என் கண்டுபிடிப்பை முழுமையாக வெளியிட்டேன். முடிவுரையில் இப்படிச் சொன்னேன்: 'மீசை முளைத்த எவனும் பட்டப்பகலில் ஒரு அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாகப் போகிறவர்களைப் பார்த்து, இது எந்தக் காரின் பின்விளக்கு என்று பல்லைக் காட்டிக் கேட்க மாட்டான். கேட்பவர்களுக்கு வேறு வேலை இருக்கிறது. அது என்ன வேலை என்பதே கேள்வி.'

பின்விளக்கு விளையாட்டு உண்மையிலேயே இருந்தது. அதை நான் இட்டுக்கட்டவில்லை.

இருவரில் உயரமானவள் மார்னி டல்பெர்க், மின்னசோட்டாக்காரி. என் சந்தேகம் முழுவதும் அவள்மேல் குவிந்தது. காரணங்கள் உண்டு.

முதலாவது, ஒரு குறிப்பேடு. உள்ளங்கை அளவு, பச்சை அட்டை. வீரன் ஒருவனோடு பேசி முடித்ததும் மறைவாகத் திரும்பி அதில் ஏதோ எழுதுவாள். என்னிடம் ஊர் எது என்று கேட்டாள். ஓஹையோ என்றேன். திரும்பி எழுதினாள். ஓஹையோ என்பதில் எழுதி வைத்துக்கொள்ள என்ன இருக்கிறது? ஓஹையோவிலேயே யாரும் எழுதி வைத்துக்கொள்வதில்லை.

இரண்டாவது, தாள். ஒவ்வொரு தடவையும் நாற்பது தாள் எடுக்கிறேன். ஆனால் அடுக்கு குறையவே இல்லை. மூன்றாவது வாரம் எண்ணிப் பார்த்தேன், ஏறியிருந்தது. இயந்திரத்துக்கு ஊற்றும் ஸ்பிரிட் டின்னும் எப்போதும் கழுத்து வரை நிறைந்தே இருந்தது. கண்ணி வைப்பவன் இரையைக் குறைக்க மாட்டான் என்பது எனக்குத் தெரியும்.

மூன்றாவது, என் விரல்கள். அந்த ஊதா மை லேசில் போகாது. சோப்பு, மண்ணெண்ணெய், உப்புத்தாள் எல்லாம் பார்த்துவிட்டேன். கைகளைப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றால், ராணுவத்தில் பாக்கெட்டில் கைவைப்பது குற்றம். ஒரு நாள் சாயங்காலம் குடிலில் அவள் எனக்குக் காப்பி நீட்டினாள். நான் வாங்கினேன். அவள் பார்வை என் விரல்களில் ஒரு நொடி நின்றது. சிரித்தாள். பிறகு திரும்பி எழுதினாள்.

அன்று நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கேப்டனின் ஆள் என்பது முடிவாகிவிட்டது. குன்று குன்றாகப் போய், சிரித்துச் சிரித்துப் பேச வைத்து, யார் என்ன முணுமுணுக்கிறான் என்று எழுதிக் கொண்டுவந்து கொடுக்கிறாள். எட்டு மணி நேரச் சிரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் வேறு கிடையாது. ஓடெலிடம் சொன்னேன்.

அவன் கடிதக் கட்டை அவிழ்த்தபடியே, "எங்கிட்ட எங்க வீட்டுப் பன்னி குட்டி போட்டுச்சான்னு கேட்டாங்க," என்றான். "அதைக் கேப்டன்கிட்ட சொல்லி என்ன செய்யப்போறாங்க?"

"உன்னைப் பேச வைக்கறதுக்கான முன்னுரைடா அது."

"ஒன்பது குட்டி," என்றான் ஓடெல்.

ஏப்ரல் முதல் வாரத்தில் விவகாரம் வெடித்தது. கர்னல் ஒருவர் குன்று 29-ஐப் பார்வையிடப் போனார். அங்கே ஒரு குழியின் சுவரில் 'செம்மண்' ஒட்டியிருந்ததைக் கண்டார். கொசு யுத்தம் வெளியான இதழ். கர்னல் சத்தமாகச் சிரித்தாராம். அந்தச் சிரிப்பு தொலைபேசி வழியாகக் கேப்டன் பிளெட்சோவை வந்தடைந்தபோது வேறு மாதிரி ஒலித்திருக்கிறது.

என் பத்திரிகை கழிப்பறையைத் தாண்டிப் போனதே எனக்குச் செய்தி. குன்றுக்கு எப்படிப் போயிற்று? குன்றுக்குப் போய் வருபவர்கள் யார்? என் மூளையில் ஒரே ஒரு வெளிர்நீலச் சீருடைதான் தோன்றியது. ஆதாரம் சேர்த்து, சரியான ஆள் கண்ணில் படும்படி ஒட்டியிருக்கிறாள். கைகாரி.

கேப்டன் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றார். தாளை வைத்தார்.

"ஊதா," என்றார்.

"ஆமா சார்."

"இந்த முகாம்ல ஊதா எங்க இருக்கு தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் ஆணியில் தொங்கிய சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, இந்தக் கம்பெனியில் கமாவை அதற்குரிய இடத்தில் போடத் தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவர் தாமே என்று அமைதியாகச் சொன்னார். பெண்களின் குடிலுக்கு என்னை முன்னால் நடக்கச் சொல்லிப் பின்னால் வந்தார். கைகள் வெளியே இருக்க வேண்டும் என்றும் சொன்னார்.

அன்று பெண்கள் குன்றுக்குப் போகவில்லை. மற்றவள் வின்னிக்கு வயிற்றுப்போக்கு. மருத்துவமனைக் கூடாரத்தில் கிடந்தாள். தனியாகப் பறக்கக் கூடாது, எப்போதும் இரண்டு பேராகத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் விதி. மார்னி தரையில் உட்கார்ந்து அட்டை வெட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள். இயல்பாக.

"மிஸ் டல்பெர்க், இந்த மெஷினை யார் யார் தொடறாங்க?"

நான் குன்றுகளைப் பார்த்தேன். ஜன்னலில் அவை வழக்கத்தைவிடக் கிட்டத்தில் தெரிந்தன.

"நானு, வின்னி," என்றாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். "அப்புறம் இவரு."

கேப்டன் என் கைகளைப் பிடித்துத் திருப்பினார். பத்து விரலும் ஊதா.

"எங்க வினாத்தாளெல்லாம் இவருதான் அடிச்சுத் தர்றாரு. நான்தான் கேட்டுக்கிட்டேன். உங்ககிட்ட முதல்லயே சொல்லியிருக்கணும் கேப்டன். தப்பு என்னோடது." தன் கைகளை நீட்டிக் காட்டினாள். அவள் விரல்களும் ஊதா. "பாருங்க, போகவே மாட்டேங்குது."

கேப்டன் தாளை அவளிடம் கொடுத்தார். அவள் இரு பக்கமும் நிதானமாகப் படித்தாள். ஏற்கெனவே படித்ததுபோல எனக்குத் தோன்றியது. ஆனால் எனக்கு எல்லாமே எப்படியோ தோன்றிக்கொண்டிருந்த நேரம் அது.

"இதுல என்னைப் பத்தியும் இருக்கே. என் சிரிப்பு பல் டாக்டர் வாசல்ல மாட்டின போர்டு மாதிரி இருக்காம்." தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். "இப்படி எழுதற ஆளுக்கு நான் ஏன் என் மெஷினைக் கொடுக்கப் போறேன், கேப்டன்? நீங்களே சொல்லுங்க."

கேப்டன் மடித்த தாளை மறுபடி பிரித்துப் பார்த்தார். அவரும் சந்தேகக்காரர்தான். அந்த ஒரு விஷயத்தில் நாங்கள் ஒரே ஜாதி. அவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நல்லதாகப் போயிற்று என்றார். வின்னிக்குப் பதிலாக நாளை இந்த உதவியாளனையே குன்று 29-க்கு அழைத்துப் போகலாம். விளையாட்டை இவனே நடத்தட்டும்.

"அங்க இருக்கற லெப்டினன்ட் பார்த்துட்டு, இவன் வேலை தெரிஞ்சவன்தான்னு கையெழுத்துப் போட்டுத் தரணும்," என்றார். "சீட்டு கிடைக்கலைன்னா திரும்பற ஹெலிகாப்டர்ல இவனுக்கு இடம் தேட வேண்டாம். அங்க எப்படியும் ஆள் குறைச்சல்."

அவர் போனதும் நான் அங்கேயே நின்றேன். சாதாரண மனிதன் என்றால் காப்பாற்றப்பட்டோம் என்று நினைப்பான். நான் தத்துவம் படித்தவன். விலை என்ன என்று யோசித்தேன்.

"காலைல ஆறரைக்கு," என்றாள் மார்னி. "முகம் கழுவிட்டு வாங்க."

ஹெலிகாப்டர் சத்தத்தில் எதையும் கேட்க முடியாது. கதவில்லாத ஓரத்தில் நான், பக்கத்தில் அவள், காலடியில் அட்டைகள் திணித்த பச்சைப் பை. கீழே முகாம் சுருங்கியது. என் நாற்காலி இருந்த கட்டடம் தீப்பெட்டியாகி மறைந்தது. அவள் அந்தக் குறிப்பேட்டைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்குப் போகிறவள் மாதிரி உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தாள்.

மூன்று வாரமாக நான் தேடிய ஆவணம் என் முழங்கையிலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது. எட்டிப் பார்த்தேன்.

'குன்று 29. டெக்கர்: கடைவாய்ப் பல் வலி, மேல் வரிசை. லமார்: தங்கை கல்யாணம் போன சனிக்கிழமை, எப்படி நடந்தது என்று கேட்க வேண்டும். உயரமானவன், பெயர் சொல்ல மாட்டான்: சர்பத்தில் சர்க்கரை பிடிக்காது.'

பக்கம் முழுக்க இப்படியே இருந்தது. அவள் தாளைத் திருப்பினாள். முகாம் என்று தலைப்பு. அதில் ஓடெல்: பன்றி, ஒன்பது குட்டி. அதற்குக் கீழே என் பெயர்.

'ஹாபெக்: ஓஹையோ. காப்பிக்கு மூன்று சர்க்கரை. திங்கள், வியாழன் பகல். தாள் வாங்கி வைக்க வேண்டும்.'

இதில் சங்கேதம் ஏதாவது இருக்கிறதா என்று குன்று வரும்வரை யோசித்தேன். அவள் நான் படிப்பதைப் பார்த்தாள். மறைக்கவில்லை. அதுவும் சந்தேகமாகத்தான் இருந்தது.

இறங்கியதும் செம்மண் புழுதி அடங்கும்வரை குனிந்து நின்றோம். நான் நேரடியாகக் கேட்டேன், எவ்வளவு நாளாகத் தெரியும் என்று.

"முதல் வாரத்துலயே," என்றாள். "கைப்பிடியை நீங்க இடது பக்கமா விட்டுட்டுப் போறீங்க. நாங்க வலது பக்கம் விடுவோம்."

"இங்கே கொண்டுவந்தது?"

"நான்தான். போன மாசம் இவங்க நாலு நாள் சிரிக்கவே இல்ல. என்ன விளையாட்டு வச்சாலும் வேலைக்காகல. பையில உங்க பேப்பர் ஒண்ணு இருந்துச்சு. என்னைப் பத்தி எழுதினதைப் படிச்சுக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரிச்சாங்க."

"உங்களுக்குக் கோபம் வரலையா?"

"வந்துச்சு," என்றாள். "அப்புறம் தாள் வாங்கி வச்சேன்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நடந்தபடியே விதிகளைச் சொன்னாள். இரண்டுதான். சிரிக்க வேண்டும். போன தடவை இருந்து இந்தத் தடவை இல்லாதவனைப் பற்றி நாமாகக் கேட்கக் கூடாது; அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும்.

பதினைந்து பேர் வந்து இரண்டு அணியாகத் தோட்டாப் பெட்டிகளின்மேல் உட்கார்ந்தார்கள். இவ்வளவு அழுக்கான மனிதர்களை நான் அதுவரை பார்த்ததில்லை. தலைமுடியிலிருந்து காலணி வரை ஒரே நிறம். என் சீருடை மட்டும் சலவைக்காரி மடித்த மடிப்போடு பளிச்சென்று இருந்தது. ஒருவன் என் விரல்களையும் மடிப்பையும் பார்த்தான். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன். ஒரு ஓரத்தில் லெப்டினன்ட், சீட்டும் பேனாவுமாக நின்றார்.

மார்னி டின்னிலிருந்து எலுமிச்சைச் சர்பத் ஊற்றினாள். டெக்கரிடம் பல்லைப் பற்றிக் கேட்டாள். உயரமானவனுக்குச் சர்க்கரை போடாததைக் கொடுத்தாள். அவன் வாங்கிக் குடித்துவிட்டு டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். லமாரின் தங்கை கல்யாணத்தைப் பற்றி அவள் யாரிடமும் கேட்கவில்லை. கூட்டத்தைக் கண்ணால் ஒரு சுற்று எண்ணினாள், அவ்வளவுதான். சிரிப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. அதை நான் கவனித்துக்கொண்டே இருந்தேன்.

"மேடம், பேப்பர் வந்துச்சா?" என்றான் டெக்கர்.

அவள் பையிலிருந்து ஒரு கட்டு 'செம்மண்' எடுத்துக் கொடுத்தாள். கை மாறிக் கை மாறிப் போயிற்று.

"இதை எழுதறவன் யாருன்னு மட்டும் தெரியட்டும்," என்றான் டெக்கர் என்னைப் பார்த்து. எங்கிருந்தோ வந்தவனிடம் விவரம் சொல்லும் மரியாதையோடு பேசினான். "கொசு யுத்தத்துக்கு ஒரு பீர் வாங்கிக் கொடுப்பேன். குடிச்சு முடிச்சதும், மேடத்தைப் பத்தி ஏன்டா அப்படி எழுதினேன்னு ஒரு அறை விடுவேன்."

"எந்தக் கையால?" என்றேன்.

அவன் கையைக் காட்டினான். எனக்குப் பீர்மேல் இருந்த ஆர்வம் போய்விட்டது.

லெப்டினன்ட் கடிகாரத்தைப் பார்த்தார். மார்னி அட்டைக் கட்டை என் கையில் வைத்தாள். முதல் அட்டையில் இரண்டு சிவப்பு வட்டம், நடுவில் ஒரு வெள்ளிக் கோடு. எந்தக் கார் என்பது பின்னால் பென்சிலில் எழுதியிருந்தது. நான் அதைத் தூக்கிப் பிடித்துக் கேள்வியைக் கேட்டேன், மரண தண்டனையை வாசிப்பவன் குரலில். ஒருவன் பதில் சொன்னான். தப்பு. அடுத்தவன் சொன்னான். சரி. அந்த அணிக்கு ஒரு புள்ளி என்று, கயிற்றில் கட்டிய காகிதக் காரை ஒரு முடிச்சு நகர்த்தினேன். இப்படி ஆறு அட்டை. மடித்த சீருடைக்குள் வியர்வை ஓடியது. யாரும் சிரிக்கவில்லை, நானும்தான்.

லெப்டினன்ட் கேட்ட அளவுக்கு அது போதுமானதாக இருந்தது. கையெழுத்துப் போட்டுச் சீட்டை என் சட்டைப் பாக்கெட்டில் செருகினார். வானொலிக் குழியில் வேலை இருக்கிறது என்று இறங்கிப் போய்விட்டார்.

பாக்கெட்டின் பொத்தானைப் போட்டேன். என் நாற்காலி எனக்கு மறுபடி கிடைத்துவிட்டது.

அப்போது ஒருவன் மார்னியிடம் வந்து குனிந்து ஏதோ சொன்னான். 'லமார்' என்ற பெயர் மட்டும் என் காதில் விழுந்தது. வியாழக்கிழமை விழுந்த குண்டு. அவனோடு ஒரே குழியில் இருந்தவன் இரண்டு நாளாக வெளியே வரவில்லை, சாப்பிடவும் இல்லை. குன்றின் அந்தக் கோடியில் ஒரு குழியைக் கைகாட்டினான். அவள் தலையாட்டினாள். ஒரு டம்ளரில் சர்பத் ஊற்றிக்கொண்டு, பையை என் காலடியில் விட்டுவிட்டு, அந்தக் குழியை நோக்கி நடந்தாள். அவள் முதுகுதான் தெரிந்தது. முதுகைப் பார்த்து முகத்தில் சிரிப்பு இருக்கிறதா என்று கண்டறியும் முறை என் ஆய்வில் இல்லை.

அவள் குனிந்து உள்ளே போனாள். வரவில்லை.

ஹெலிகாப்டர் வர நாற்பது நிமிடம் இருந்தது. லெப்டினன்ட் இல்லை. மார்னி இல்லை. கேப்டன் இருபது நிமிடத் தூரத்தில் கொசுக்களோடு இருந்தார். என்னை யாரும் கண்காணிக்கவில்லை, எழுதிக்கொள்ளவும் ஆளில்லை. அட்டைகளைக் கட்டிப் பைக்குள் வைத்தேன். ஒரு காலிப் பெட்டியைத் தேடி உட்காரப் போனேன்.

யாரும் எழுந்திருக்கவில்லை. பதினைந்து பேரும் அப்படியே இருந்தார்கள். அவர்களில் ஒருவரும் அந்தக் கோடிக் குழியின் பக்கம் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதற்காக எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவ்வளவுதானா?" என்றான் டெக்கர்.

என் ஆய்வின்படி அந்த இடத்தில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

பையைத் திறந்தேன். அடியில் இன்னும் ஒரு கட்டு இருந்தது. முந்தைய நாள் அவள் தரையில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டிருந்தவை. மேல் அட்டையை எடுத்தேன். தலைகீழாக இருந்தது, திருப்பினேன். மூன்று விளக்கு, ஒன்றின்மேல் ஒன்றாக. முகத்தை அவள் சொன்னபடி வைத்துக்கொண்டேன். முதலில் கன்னம் வலித்தது.

"டெக்கர், அந்தப் பல்லு மேல் வரிசைதானே?" என்றேன். "வலிக்காத பக்கமா வச்சுப் பதில் சொல்லுங்க. இது எந்தக் காரோட பின்விளக்கு?"

கடைசிப் பெட்டியில் இருந்தவன் தனக்கு அட்டை தெரியவில்லை என்றான். அவனுக்கும் தெரியும்படி அட்டையை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன்.